ஏற்பதா, எதிர்ப்பதா, சோதித்துப் பார்ப்பதா: 1881இல் பார்னெல் முன் இருந்த மூன்று வழிகள்

அயர்லாந்துக்கான நிலச் சட்டத்துக்கு 1881 ஆகஸ்ட் 22 அன்று விக்டோரியா அரசியின் ஒப்புதல் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் நடுவில், டப்ளின் நகரின் ரொட்டண்டா அரங்கில் குத்தகை விவசாயிகளின் இயக்கமான நிலச் சங்கத்தின் பிரதிநிதிகள் கூடினார்கள். மேயோவின் சதுப்பு நிலங்களிலிருந்தும் டிப்பரேரியின் வளமான மேய்ச்சல் நிலங்களிலிருந்தும் வந்தவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் கொடுத்திருக்கும் இந்தச் சட்டத்தை என்ன செய்வது?

வழிகள் மூன்று இருந்தன. சட்டத்தை ஏற்று, புதிய நில நீதிமன்றத்துக்குப் போய்க் குத்தகையைக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது சட்டத்தைத் தூக்கி எறிந்து, இனிக் குத்தகையே கொடுப்பதில்லை என்று நாடு முழுவதும் நிற்கலாம். இரண்டுக்கும் இடையில், சில வழக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பிச் சட்டத்தை உரசிப் பார்க்கலாம். சங்கத்தின் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் மூன்றாவது வழியை எடுத்தார். அதை மதில்மேல் பூனைத்தனம் என்று சொன்னவர்கள் அன்றே உண்டு. கட்சி உடையாமல் காத்த சாமர்த்தியம் என்று மெச்சுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே தலைவரின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகின்றன. குத்தகை பாக்கியோடு வீட்டு வாசலில் நின்ற விவசாயியின் பக்கத்திலிருந்து இந்த முடிவைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் சட்டம் கொடுத்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் பெரும்பாலான குத்தகைதாரர்கள் ஆண்டுக்கு ஆண்டு ஓடும் குத்தகையில் இருந்தவர்கள். நோட்டீஸ் கொடுத்தால் வெளியேற வேண்டியதுதான். சதுப்பை வடித்து வயலாக்கினாலும், கல் பொறுக்கி வேலி கட்டினாலும், கொட்டகை எழுப்பினாலும், நிலத்தின் மதிப்பு ஏறியது என்று சொல்லி அவர்களிடமே கூடுதல் குத்தகை கேட்க முடியும். உழைத்தவனுக்கு உழைப்பே அபராதமான ஏற்பாடு அது. வடக்கே அல்ஸ்டரில் மட்டும் ஒரு வழக்காறு காப்பாக இருந்தது. நிலத்தை விட்டுப் போகிற குத்தகைதாரர் தன் சாகுபடி உரிமையை அடுத்து வருபவருக்கு விலைக்குக் கொடுக்கலாம். நம்மூரில் மேல்வாரத்துக்கு எதிரே குடிவாரம் என்று ஒன்றைச் சொல்வோமே, அதற்குச் சற்று நெருக்கமானது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்த அயர்லாந்து உறுப்பினர்கள் இதை மாற்றக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குத்தகைதாரர் செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு வேண்டும் என்று ஷார்மன் கிராஃபோர்ட் 1835இலேயே மசோதா கொண்டுவந்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1876இல், ஐசக் பட் கொண்டுவந்த நில மசோதாவைக் காமன்ஸ் சபை பெருவாரியான வாக்குகளில் தள்ளியது. நியாயமாகப் பேசினால் நியாயம் கிடைக்கும் என்று நம்பிய தலைமுறை ஒன்று இப்படியே ஓய்ந்தது. 1875இல் மீத் தொகுதியிலிருந்து உள்ளே வந்த பார்னெல், ஜோசப் பிக்கருடன் சேர்ந்து விடிய விடியப் பேசிச் சபையை முடக்கும் முறையைக் கையில் எடுத்ததற்கு இந்த வரலாறுதான் காரணம். இத்தனைக்கும் அவரே விக்லோவில் ஆவண்டேல் பண்ணைக்கு உரிமையாளர். புராட்டஸ்டன்ட் நிலக்கிழார் குடும்பத்துப் பிள்ளை.

1870களின் இறுதியில் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தது. அமெரிக்கத் தானியம் சந்தையில் விலையை இறக்கியது. மைக்கேல் டேவிட் மேயோவில் மூட்டிய கிளர்ச்சி 1879 அக்டோபரில் தேசிய அளவில் நிலச் சங்கமானது; பார்னெல் அதன் தலைவரானார். மறு ஆண்டு, வெளியேற்றப்படுவோருக்கு இழப்பீடு தரும் ஓர் எளிய மசோதாவைக்கூடப் பிரபுக்கள் சபை 282க்கு 51 என்ற கணக்கில் கொன்றது. அடுத்த மாதம் எனிஸ் நகரில் பார்னெல் பேசினார்: வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுத்துக்கொள்பவரைச் சந்தையிலும் கடையிலும் தேவாலயத்திலும் ஒதுக்கி வையுங்கள் என்றார். அந்த ஆயுதம் மேயோவில் எர்ன் பிரபுவின் ஏஜெண்டாக இருந்த கேப்டன் பாய்காட் மீது பாய்ந்தது. அவர் பெயரே உலகத்துக்கு ஒரு சொல்லாகிவிட்டது. பின்னாளில் சுதேசி இயக்கக் காலத்தில் நம் பத்திரிகைகள் பகிஷ்காரம் என்று எழுதியது அந்தச் சொல்லைத்தான்.

ஆக, 1881 சட்டம் வானத்திலிருந்து விழுந்த கருணையாக வரவில்லை. நியாயமான குத்தகை, ஒழுங்காகக் கட்டும்வரை வெளியேற்ற முடியாத நிலைப்பு, சாகுபடி உரிமையை விற்கும் சுதந்திரம் ஆகிய மூன்றையும் அது எழுத்தில் கொடுத்தது. குத்தகையை இனி நீதிமன்றம் நிர்ணயிக்கும். நிர்ணயித்தது 15 ஆண்டுக்கு நிற்கும். என் நிலம், என் விலை என்று அதுவரை பேசிய நிலக்கிழாரின் வாயை ஒரு சட்டம் அடைத்தது பெரிய விஷயம். வங்காளத்தில் 1885இல் வந்த குத்தகைச் சட்ட விவாதத்திலும் இந்த அயர்லாந்து முன்மாதிரி எதிரொலித்தது.

இவ்வளவு கிடைத்த பிறகு ஏற்றுக்கொள்ள என்ன தயக்கம்? கிளாட்ஸ்டனின் கட்சியைச் சேர்ந்த அல்ஸ்டர் லிபரல்கள் அப்படித்தான் கேட்டார்கள். கத்தோலிக்க ஆயர்களில் பலரும் கேட்டார்கள். பார்னெலின் தலைமையை ஏற்காத மிதவாத உறுப்பினர்களும் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். 30 ஏக்கர் வைத்துக் கையில் கொஞ்சம் காசும் வைத்திருந்த ஒரு டிப்பரேரி விவசாயிக்கு இந்தச் சட்டம் உயிர்த்தண்ணீர். நீதிமன்றம் பின்னர் கொடுத்த குறைப்பு சராசரியாக 20 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு குத்தகை மிச்சமாவது ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. வடக்கே டிரோனில் செப்டம்பர் தொடக்கத்தில் நடந்த இடைத்தேர்தலில் பார்னெல் நேரில் போய்ப் பிரசாரம் செய்தும் அவருடைய வேட்பாளர் மூன்றாம் இடத்துக்குப் போனார். சட்டத்தைப் புகழ்ந்த லிபரல் வேட்பாளர் வென்றார். மக்கள் எதை விரும்பினார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் ஏற்றுக்கொள்ளும் வழியில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, நியாயமான குத்தகை என்றால் எவ்வளவு என்று சட்டம் சொல்லவே இல்லை. நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. ஆணையர்கள் மூவரில் ஒருவர் நிலக்கிழார்களின் எஸ்டேட்டுகளை நிர்வகித்துப் பழகியவர். கீழே மாவட்டம் மாவட்டமாகப் போய் நிலத்தை மதிப்பிடப் போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று செப்டம்பரில் யாருக்கும் தெரியாது. மசோதா சபையில் இருந்தபோது டிம் ஹீலி என்ற இளம் உறுப்பினர் விடாப்பிடியாக நின்று ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்: குத்தகைதாரர் தன் செலவில் செய்த மேம்பாட்டுக்குக் குத்தகை விதிக்கக் கூடாது. அயர்லாந்து உறுப்பினர்களின் நாடாளுமன்ற உழைப்பில் இதைவிடக் கூர்மையான ஒரு வரி இல்லை என்பேன். அந்த வரியையே 1882 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறுக்கிப் பொருள் கூறி, பல்லைப் பிடுங்கிவிட்டது. சட்டத்தின் வாசகத்தை நம்பி எல்லாவற்றையும் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒன்று போதும்.

இரண்டாவது ஓட்டை இதைவிடக் கொடியது. குத்தகை பாக்கி வைத்திருந்தவர்களுக்குச் சட்டத்தின் கதவு நடைமுறையில் அடைபட்டிருந்தது. பாக்கிக்காகவே அவர்களை வெளியேற்றிவிட முடியும்; வெளியேற்றப்பட்டவர் எந்தக் குத்தகையைக் குறைக்கக் கேட்பார்? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குத்தகைதாரர்கள் இந்த நிலையில் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும் பகுதி மேற்குக் கடற்கரையோரத்துச் சிறு விவசாயிகள். பல ஆண்டுக்கு எழுதிக்கொண்ட குத்தகைப் பத்திரம் வைத்திருந்தவர்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். கிளர்ச்சி தொடங்கியது மேயோவில். பட்டினியைத் தாங்கியதும், முதல் கூட்டத்துக்கு நடந்து வந்ததும், முதல் அடி வாங்கியதும் அந்த மக்கள். கனி பழுத்தபோது பந்தியில் அவர்களுக்கு இலை போடவில்லை. ஏற்றுக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுடைய வழி மேயோவைப் பலி கொடுத்து டிப்பரேரியை வாழவைக்கும் வழி.

அப்படியானால் இரண்டாவது வழியா? அமெரிக்காவில் பாட்ரிக் ஃபோர்டு நடத்திய பத்திரிகை குத்தகை மறுப்பை முழங்கிக்கொண்டிருந்தது. சங்கத்தின் கஜானாவுக்கு அமெரிக்க ஐரிஷ் தொழிலாளர்கள் அனுப்பிய பணம் முக்கியமான ஆதாரம் என்பதால் அந்தக் குரலுக்குக் கனம் இருந்தது. நாட்டுக்குள்ளும் தீவிரத் தரப்பு சட்டத்தை ஒரு பொறியாகவே பார்த்தது. சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஜான் டில்லன் அதை வெளிப்படையாக எதிர்த்தார்.

நெஞ்சுக்கு இதமான வழி இதுதான். படிக்கும்போது எனக்கும் கை முறுக்கேறுகிறது. ஆனால் குத்தகை மறுப்பு என்ற ஆயுதத்தின் இயக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கையில் காசு இருந்தும் கொடுக்க மாட்டேன் என்று நிற்பவர்கள் இருந்தால்தான் அது நிலக்கிழாரை வலிக்கச் செய்யும். கொடுக்கவே வழியில்லாத மேயோ விவசாயி கொடுக்காமல் இருப்பது போராட்டம் ஆகாது. அது அவருடைய வறுமை. 1881 செப்டம்பரில், காசு உள்ளவர்களுக்கு முன்னால்தான் நீதிமன்றத்தின் கதவு திறந்து கிடந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறையக்கூடும் என்ற நம்பிக்கை இருக்கும்போது, வீடு வாசலைப் பணயம் வைத்து வேலைநிறுத்தத்துக்கு வா என்றால் யார் வருவார்கள்? அந்த ஆண்டு அறுவடையும் மோசமில்லை. இழப்பதற்கு ஏதோ ஒன்று கைக்கு வந்துவிட்டது.

குத்தகை மறுப்புக்கு நேரம் என்று ஒன்று இருந்திருந்தால் அது ஏழு மாதம் முன்பு. 1881 ஜனவரி கடைசியில் அடக்குமுறை மசோதாவை எதிர்த்து அயர்லாந்து உறுப்பினர்கள் 41 மணி நேரம் சபையை நிறுத்தினார்கள். பிப்ரவரி 3 அன்று டேவிட் கைதான செய்தி வந்ததும் கொதித்தெழுந்த 36 பேர் சபையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று எல்லோரும் ஒன்றாக வெளியேறி, அயர்லாந்துக்குத் திரும்பி, குத்தகை நிறுத்தத்தை அறிவிக்க வேண்டும் என்று தீவிரத் தரப்பு கேட்டது. பார்னெல் மறுத்தார். அது சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். அன்றைக்கு வென்றிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. செப்டம்பரில் வென்றிருக்காது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அடுத்த மாதமே அதைச் செய்து பார்த்துத் தோற்றார்கள்.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன் மூன்றாவது வழியைப் பார்த்துவிடுவோம். ரொட்டண்டா கூட்டம் எடுத்த முடிவு இது: குத்தகைதாரர்கள் தனித்தனியாக நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம், சங்கமே சோதனை வழக்குகளைத் தேர்ந்தெடுத்து நடத்தும். எந்த வழக்குகளைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பார்னெலின் மூளை தெரிகிறது. உலகறிந்த கொடுமையான குத்தகைகளை அவர் முதலில் அனுப்ப விரும்பவில்லை. சாதாரணமான, ஊருக்கு ஊர் வழக்கத்தில் இருக்கிற நடுத்தரக் குத்தகைகளை அனுப்பச் சொன்னார். கொடுங்குத்தகை முதலில் போனால் நீதிமன்றம் அதைப் பாதியாக வெட்டும், செய்தித்தாள்கள் பாராட்டும், கொடுமைகள் களையப்பட்டன, மற்றக் குத்தகையெல்லாம் நியாயமானதுதான் என்று முத்திரை விழும். நடுத்தரக் குத்தகை முதலில் போய், அதுவும் குறைக்கப்பட்டால், நாடு முழுவதும் குத்தகை கூடுதலாகவே இருந்தது என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டதாகிவிடும். குறைக்க மறுத்தால் சட்டம் வெற்றுக் காகிதம் என்பது வெளியே தெரியும். எப்படி விழுந்தாலும் சங்கத்துக்கு ஒரு வாதம் கிடைக்கும்.

இதே நேர்த்தியை மே மாதமே நாடாளுமன்றத்தில் காட்டியிருந்தார். இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பில் எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்கும்படி தன் உறுப்பினர்களை இணங்க வைத்தார். சிலர் மீறினார்கள். மசோதா எப்படியும் நிறைவேறும் என்று தெரியும். அதற்குப் பொறுப்பேற்றுக் கையைக் கட்டிக்கொள்ளவும் அவர் தயாராக இல்லை. பின்னர் பிரிவு பிரிவாக விவாதம் நடந்தபோது திருத்தங்களுக்காக அவருடைய ஆட்கள் மற்ற எவரையும்விட உழைத்தார்கள். பொருளைக் கைவிடாமல், நன்றிக்கடனும் படாமல் இருந்த நிலை இது.

கிளாட்ஸ்டன் இதை நாசவேலை என்றே எடுத்துக்கொண்டார். அக்டோபர் 7 அன்று லீட்ஸ் நகரில், நாகரிகத்தின் வளங்கள் இன்னும் தீர்ந்துவிடவில்லை என்று எச்சரித்தார். இரண்டு நாள் கழித்து வெக்ஸ்ஃபோர்டில் பார்னெல் காரசாரமாகப் பதில் கொடுத்தார். அக்டோபர் 13 காலையில் டப்ளினில் மாரிசன் ஹோட்டலில் அவரைக் கைது செய்து கில்மெய்னம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அன்றே தன் காதலி கேத்தரின் ஓஷேவுக்கு எழுதிய கடிதத்தில், அரசியல்ரீதியாக இந்தக் கைது தனக்கு நல்லதே, இயக்கம் வேகமாகக் கலைந்துகொண்டிருக்கிறது என்று அவர் எழுதினார். மூன்றாவது வழியும் அவர் கைக்குள் நிற்கவில்லை என்பதற்கு அவருடைய வாக்குமூலமே இது. குத்தகைதாரர்கள் சங்கத்தின் சோதனை முடியும்வரை காத்திருக்கத் தயாராக இல்லை.

அக்டோபர் 18 அன்று சிறைக்குள்ளிருந்து குத்தகை மறுப்பு அறிக்கை வந்தது. எழுதியவர் வில்லியம் ஓ'பிரையன். கையெழுத்திட்டவர்களில் டில்லனும் ஒருவர். சட்டத்தை அவ்வளவு எதிர்த்த டில்லனே இந்த அறிக்கை நடைமுறைக்கு ஆகாது என்று கருதினார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. சங்கத்துக்கு அதுவரை துணை நின்ற பேராயர் குரோக் அறிக்கையைக் கண்டித்தார். இரண்டே நாளில் அரசு சங்கத்தைத் தடை செய்தது. காசுள்ள விவசாயிகள் நீதிமன்றத்தை நோக்கித் திரண்டார்கள். பார்னெல் அந்த அறிக்கையில் கையெழுத்திட்டிருக்கவே கூடாது. நடக்காது என்று தெரிந்த ஒன்றை மக்களிடம் கேட்டது பிழை. அதை நம்பி நின்ற ஏழைக் குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்தன.

அந்த விலையைச் சுமந்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண் தலைவர்கள் சிறையில் இருந்தபோது, பார்னெலின் தங்கை அன்னா பார்னெலின் தலைமையில் பெண்கள் நிலச் சங்கம்தான் ஊர் ஊராகப் போய், வெளியேற்றப்பட்டவர்களுக்குக் குடிசை போட்டுக் கொடுத்து, கைதானவர்களின் குடும்பங்களைக் காத்தது. சங்கத்தின் பழைய நடைமுறையை அன்னா கடுமையாக விமர்சித்தவர். கடைசி நிமிடம்வரை முறைத்து நின்றுவிட்டு, பிறகு குத்தகையையும் வழக்குச் செலவையும் சேர்த்துக் கட்டினால் அது என்ன போராட்டம் என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. 1882இல் அண்ணன் வெளியே வந்ததும் பெண்கள் சங்கத்தின் பணத்தை நிறுத்தி அதை மூட வைத்தார். அன்னா அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை. பார்னெலை எவ்வளவு மதித்தாலும் இந்த இடத்தில் அவருக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை குறைகளோடும் மூன்றாவது வழியையே நான் ஏன் தேர்ந்தெடுக்கிறேன்? பாக்கிக்காரருக்கு வழி திறந்தது அந்தப் பாதையில்தான். சட்டத்தை முழுதாக ஏற்றிருந்தால், பாக்கிப் பிரச்சினையை மீண்டும் எழுப்ப யாரிடமும் பிடி இருந்திருக்காது. முழுதாக மறுத்திருந்தால், திருத்தம் கேட்க முகம் இருந்திருக்காது. சட்டம் குறைபட்டது, ஆனால் நிரப்பத்தக்கது என்று சொன்ன ஒருவரால்தான் அடுத்த வசந்தத்தில் அந்தக் குறையை நிரப்பும் மசோதாவைச் சிறையில் இருந்தபடியே தயாரிக்க முடிந்தது. 1882 ஏப்ரல் கடைசியில் அவருடைய கட்சி உறுப்பினர் ஜான் ரெட்மண்ட் அதைக் காமன்ஸ் சபையில் முன்வைத்தார். கிளாட்ஸ்டன் பாக்கிப் பிரச்சினையைத் தீர்க்க இசைந்தார். மே 2 அன்று பார்னெல் விடுதலையானார். நான்கு நாளில் டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் அயர்லாந்து நிர்வாகத்தின் உயர் பொறுப்பிலிருந்த இருவர் குத்திக் கொல்லப்பட்டார்கள்; அந்தக் கொலைகள் எல்லாவற்றையும் கவிழ்க்கப் பார்த்தன. ஆனாலும் ஆகஸ்டில் பாக்கிச் சட்டம் வந்தது. ஆண்டு மதிப்பு 30 பவுண்டுக்குக் கீழ்ப்பட்ட நிலத்தை வைத்திருப்பவர் 1881க்கான குத்தகையைக் கட்டினால், பழைய பாக்கியில் பாதியை, ஓராண்டுக் குத்தகை என்ற வரம்புக்குள், அரசு கொடுக்கும், மீதி தள்ளுபடி. பழைய அரசுத் திருச்சபையின் சொத்திலிருந்து மிஞ்சிய நிதி அதற்குப் பயன்பட்டது. மேயோ விவசாயிக்கும் நீதிமன்றத்தின் வாசலைத் தொட வழி கிடைத்தது அன்றுதான்.

நிலத்தை விவசாயிக்கே சொந்தமாக்குவது என்ற நான்காவது வழியை ஏன் விட்டீர்கள் என்று கேட்கலாம். பார்னெல் கடைசியில் போக விரும்பிய ஊர் அதுதான். ஆனால் 1881 செப்டம்பரில் அதற்கு வண்டி இல்லை. சட்டத்தில் விலைக்கு வாங்கும் பிரிவு இருந்தது. அரசு முக்கால் பங்கு கடன் கொடுக்கும், கால் பங்கைக் கையிலிருந்து வைக்க வேண்டும். அந்தக் கால் பங்கு யாரிடம் இருந்தது? 1885இல் ஆஷ்போர்ன் சட்டம் முழு விலையையும் 49 ஆண்டுத் தவணையில் கடனாகக் கொடுத்தபோதுதான் அந்த வழி உண்மையில் திறந்தது. 1903இல் விண்டம் சட்டம் அதை நெடுஞ்சாலையாக்கியது. டேவிட் 1882இல் முன்வைத்த நில நாட்டுடைமைக்கு, சொந்த வயலுக்கு ஏங்கிய விவசாயிகளிடம் ஆதரவு பிறக்கவில்லை. குத்தகைப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு நீதிமன்றத்தின் கதவு 1887இல்தான் திறந்தது. ஆறு ஆண்டு அவர்கள் காத்திருந்தார்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. ரொட்டண்டாவில் எடைபோட்ட மூன்று வழிகளிலும் நிலமற்ற கூலித் தொழிலாளிக்கு எதுவும் இல்லை. குத்தகை குறைந்தால் மிச்சம் விவசாயிக்கு. குத்தகை மறுத்தாலும் நிலம் விவசாயிக்கு. கிளர்ச்சிக் கூட்டங்களில் அவர்களும் நின்றார்கள், அவர்களும் கை தட்டினார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் 1883இல் வந்தது: உள்ளூர் நிர்வாகம் கட்டித் தரும் ஒரு சிறிய வீடு, அதையொட்டி அரை ஏக்கர் நிலம், வாடகைக்கு.